ரோகிணி பதில் சொன்ன நாள்

கனவு காணும் பழக்கம் உள்ளவனை நம்பித் தண்ணீர் மோட்டாரை ஒப்படைக்கக் கூடாது. வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம், கைக்குழந்தையைக்கூடக் கொடுக்கலாம். குழந்தை அழுது ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும். மோட்டார் அப்படியில்லை, அதுபாட்டுக்கு ஓடும். இந்த உண்மை எனக்கு எம்.ஈ. இரண்டாம் வருஷத்தில் தெரியவந்தது. என் குடும்பத்துக்கும், போளூரிலிருந்து வேனில் வந்திருந்த அக்காவின் வருங்காலப் புகுந்த வீட்டுக்கும் அதே நிமிஷத்தில் தெரியவந்ததுதான் கஷ்டம்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே நிலம். ஒரு பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை என்று சொன்னால் அது ஏதோ கடையில் விற்கிற சாமான் என்று நினைப்பார்கள்), இன்னொரு பக்கம் சாமந்தி, நடுவில் கிணறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. காலையில் அது புகை நிறத்தில் இருக்கும். வெயில் ஏறியதும் செங்கல் நிறம் காட்டும். சாயங்காலம் ஒரு நீலம் வரும் பாருங்கள், அந்த நீலத்தைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்கத் தோன்றாது. மோட்டார் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புதான் என் இடம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அனுப்பினால், வாளியை மடியில் வைத்துக்கொண்டு, மலை உச்சியில் மாட்டியிருக்கும் ஒரு துண்டு மேகம் எப்போது கழன்று போகும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மாடு தானாக வந்து என் பின்னால் நின்று மூச்சு விடும்.

இப்படிப்பட்டவன் படித்தது கம்பியில்லாமல் சேதி அனுப்பும் உணர்கருவிகளைப் பற்றி. சென்சார் என்றால் எல்லோருக்கும் புரியும். விஷயம் ரொம்ப எளிது. ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் இரண்டு கம்பி, மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. மண்ணில் ஈரம் இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று அந்தப் பெட்டி பார்க்கும். பார்த்ததைச் சொல்ல அதற்குக் குரல் உண்டு, ஆனால் ரகசியம் பேசுகிற அளவு குரல்தான். பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குத்தான் கேட்கும். அந்தப் பெட்டி அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்ல வேண்டும். மாடி போடும்போது கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறதே, அதே மாதிரி சேதி கைமாறிக் கைமாறிக் கிணற்றடிக்கு வந்து சேர வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போவது, ஒருவர் இல்லாவிட்டால் எந்த வழியாகச் சுற்றிப் போவது, இதைத் தீர்மானிப்பதுதான் என் ஆராய்ச்சி.

பெட்டிகளுக்கு எண் கொடுத்தால் போதும். நான் நட்சத்திரங்களின் பெயரை வைத்தேன். சாமந்தித் தோட்டத்தில் அசுவினி, பரணி, கார்த்திகை. மல்லாட்டை நிலத்தின் நடுவில் ஒரு கழியின் உச்சியில் ரோகிணி. மற்ற மூன்றும் பேசுவதை வாங்கிக் கிணற்றடிப் பெட்டிக்குச் சேர்ப்பவள் அவள்தான். அவள் கொஞ்சம் பிடிவாதக்காரி. காலையில் பனி இறங்கினால் பேச மாட்டாள். நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "ரோகிணி இன்னும் பதில் சொல்லல... நேத்தெல்லாம் நல்லாத்தான் பேசினா" என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்லூரி நண்பனிடம் போனில், "ரோகிணி இல்லன்னா எதுவுமே இல்லடா" என்றும் சொல்லியிருக்கிறேன். அம்மா இதையெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

"அந்தப் பொண்ணு எந்த ஊருடா?" என்றாள்.

நான் கழியின் உச்சியைக் காட்டினேன். அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என் ஆராய்ச்சியில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒரு சேதிகூடத் தொலையாது. அடுத்த பெட்டி வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும்வரை இந்தப் பெட்டி அதை மறக்காது. வழி அடைந்துபோனால் வைத்துக்கொண்டு காத்திருக்கும். வழி திறந்ததும் வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கொடுக்கும். என் வழிகாட்டிப் பேராசிரியை ஒரு தடவை கேட்டார், "சேதி பத்திரமா வரும், சரிப்பா. நேரத்துக்கு வருமா?" என்று. வந்து சேர்ந்தால் போதாதா மேடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது ஒரு சேதியை ஒரு சின்ன ஆளாகக் கற்பனை செய்து பார்த்தேன். தலையில் முண்டாசு, கையில் ஒரு தூக்கு. நிலா வெளிச்சத்தில் பெட்டிக்குப் பெட்டி நின்று விசாரித்துக்கொண்டு, எத்தனை நாள் ஆனாலும் வந்தே தீருவான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நேரம் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. எனக்கும்தான்.

அப்பாவிடம் ஏற்கெனவே செல்போனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அதை நான் கழற்றி எறிந்துவிட்டு என் கிணற்றடிப் பெட்டியை மாட்டினேன். சாமந்தி காய்கிறது என்று ஒரு சேதி வந்தால் மோட்டார் கால் மணி நேரம் ஓடும். அது முடிந்த பிறகுதான் அடுத்த சேதியைப் பிரித்துப் பார்க்கும். அப்பாவுக்கு இதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மோட்டாருக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்டு எப்போது வரும் என்று காத்திருந்து போன் போட வேண்டாமே என்று சம்மதித்தார். முதல் நாள் பனி விலகாத காலையில், யாரும் தொடாமல், கொட்டகைக்குள்ளிருந்து அந்த உறுமல் எழுந்து, குழாய் ஒரு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கிச் சாமந்திக்குள் நுழைந்தது. பனிக்குள் மஞ்சள் பூக்களும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தார். "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். அன்றைக்குப் பூராவும் நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் போளூர்ச் சம்பந்தம் கூடிவந்தது. என் அக்கா கோமதி திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைப்போல இல்லை, எதையும் ஒரு தடவை பார்த்தால் முடிவு செய்துவிடுவாள். இதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் நிச்சயத்துக்கு முந்தின வாரம் நின்றுபோயிருந்தது. பெண் வேலைக்குப் போகிற பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தாளாம், பையனின் சித்தப்பா பார்த்தாராம். அக்கா மறுநாளும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் கொஞ்ச நாள் அவள் சிரிப்பு கம்மியாகத்தான் கேட்டது. அதனால் இந்தத் தடவை அப்பா எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு குத்தம் குறை வரக் கூடாது என்று சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

மாப்பிள்ளை சரவணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அமைதியான ஆள். ஆனால் அந்த வீட்டில் பேச்சு அவர் தாய்மாமனுடையது. அரிசி மில் வைத்திருந்தவர். கனத்த மீசை. அவர் சரி என்றால் சரி. வேண்டாம் என்று அவர் சொல்லக்கூட வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டால் போதும்.

நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்தோம். மல்லாட்டை பிடுங்கி முடிந்து நிலம் சும்மா கிடந்தது. அதைச் சமன் செய்து ஷாமியானா போட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்து மலை முழுசாகத் தெரியும். ஒரு வாரம் முன்னாலேயே டிராக்டர் வந்து நிலத்தைச் சமன் செய்தது. டிராக்டர்காரர் நடுவில் ஒரு கழி நிற்பதைப் பார்த்தார். பிடுங்கி மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டார். அதுதான் ரோகிணி.

நான் இதைக் கவனித்தேனா? கவனிக்கவில்லை. சேதி எதுவும் வராததை மட்டும் கவனித்தேன். நிலம் திருப்தியாக இருக்கிறது, கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம் செய்துகொண்டேன். அந்த மௌனம் எனக்கு மிக அழகாகப்பட்டது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். சாமந்தி வாடத் தொடங்கியதும் அப்பா மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் போய்ப் பட்டனை அழுத்தித் தண்ணீர் விட்டுக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னாலேயே, அந்த இரண்டு மூன்று நாளும், அசுவினியும் பரணியும் கார்த்திகையும் தொண்டை வறண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காய்கிறது, காய்கிறது, காய்கிறது. ஒன்றைக்கூட மறக்காமல் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, வழி எப்போது திறக்கும் என்று காத்திருந்திருக்கிறார்கள். நான் அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று தை மாத வெயில் வெதுவெதுப்பாக இருந்தது. மலை அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. போளூர் வேன் வந்தது. தட்டுகள் இறங்கின. வந்தவர்கள் ஷாமியானாவுக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாகச் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. சமையல்காரர்கள் பாத்திரம் கழுவுவதற்காக விடியற்காலையில் வாய்க்காலின் மடையைச் சாமந்திப் பக்கம் அடைத்து, பந்தல் பக்கம் திறந்து விட்டிருந்தார்கள். கழுவி முடித்ததும் அதை மறந்துபோனார்கள். பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆளாளுக்குத் தோன்றிய நல்ல காரியத்தைச் செய்திருந்தார்கள்.

புரோகிதர் லக்னப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைக் கூப்பிட்டு, தம்பி என்ன படிக்கிறது என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. நான் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கலவைச் சட்டி சொன்னேன், நட்சத்திரம் சொன்னேன், தொலையாத சேதியைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். "எங்க, காட்டு பாக்கலாம்" என்றார்.

நிலத்தின் நடுவில் ரோகிணி இல்லை. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. தேடிக்கொண்டு போனால், மாட்டுக் கொட்டகையில் கழியோடு சாய்ந்து கிடக்கிறாள், மேலே ஒரு கோழி நிற்கிறது. ஒரு ஒயர் மட்டும் கழன்றிருந்தது. சோலார் தகட்டை வேட்டி முனையால் துடைத்து, ஒயரை முறுக்கிச் சொருகி, கழியைப் பந்தலின் முன்பக்கக் கம்பத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன். மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் ரோகிணியின் பச்சை விளக்கு ஒரு தடவை சிமிட்டியது, இன்னொரு தடவை சிமிட்டியது, அப்புறம் நிற்காமல் சிமிட்டத் தொடங்கியது.

போனைத் திறந்து பார்த்தேன். சேதிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் வழி தெரியாமல் காத்திருந்த அத்தனையும், ஒன்றுகூடத் தொலையாமல், வரிசை பிசகாமல். அவ்வளவு வேகமாக அவை என்றைக்கும் வந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கற்பனை செய்த அந்த முண்டாசு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, தூக்கை ஏந்திக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து இறங்கி வருவதைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. பந்தலில் எல்லோரும் அமைதியாகப் பத்திரிகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்து, "ரோகிணி பேசிட்டா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்த என் அம்மாவிடம் திரும்பி, யார் ரோகிணி என்று கேட்டார். அம்மா கம்பத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் கம்பத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அப்போது கொட்டகைக்குள் மோட்டார் உறுமியது. மூணு பேஸ் கரண்டு வருகிற நேரம் அது.

முதலில் நான் பயப்படவில்லை. சாமந்திக்குத்தான் தண்ணீர் போகிறது என்று நினைத்தேன். வாய்க்கால் வளைவில் வெளிச்சம் ஒன்று நகர்ந்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது சாமந்திப் பக்கம் திரும்பவில்லை, நேராகப் பந்தலுக்கு வந்தது.

போனில் நிறுத்து என்று அழுத்தினேன். என் பெட்டி உடனே பதில் சொன்னது: உங்கள் சேதி பெறப்பட்டது, வரிசையில் இருக்கிறது. வரிசையில் அதற்கு முன்னால் ஒரு வாரத்துத் தாகம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். என்னுடைய "நிறுத்து" எல்லோருக்கும் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, ஒழுக்கமாக நின்றது. எப்படியும் ஒரு நாள் வந்து சேரும், அதில் சந்தேகமில்லை. நான் ஓடிப்போய் ரோகிணியைப் பிடுங்கினேன். பிரயோஜனமில்லை. சேதிகளெல்லாம் ஏற்கெனவே கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. போய்ச் சேர்ந்ததை என் பெட்டி மறக்காது.

அப்பாவின் இடுப்பில் சாவி இருந்தது. அப்பா தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தார். புரோகிதர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்துத் தட்டு மாறும்வரை எழுந்திருக்கக் கூடாது. நான் பந்தல் ஓரத்தில் நின்று, இடுப்பைத் தொட்டுக் காட்டி, சாவி திருகுவது போலக் கையைத் திருகிக் காட்டினேன். அப்பா என்னை முறைத்தார். (எனக்கு வயிற்று வலி என்று நினைத்தாராம்.) அதே சமயம் தண்ணீர் ஜமுக்காளத்தின் விளிம்பை அடைந்தது.

அது வந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். அவசரம் இல்லை, சத்தம் இல்லை. புதிதாகச் சமன் செய்த நிலம் ஆனதால் எங்கும் தேங்காமல் கண்ணாடி விரித்தது போலப் பரவியது. மல்லிகை இதழ்கள் மிதந்தன. வெற்றிலை ஒன்று தனியாகப் பயணம் போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்களுக்கு நடுவே ஷாமியானாவின் சிவப்பும் நீலமும் ஆடின, அவற்றுக்கும் கீழே மலை தலைகீழாக நின்றது, உச்சி மேகத்தோடு. ஒரு நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். (சத்தியமாகத்தான் சொல்கிறேன். அந்த நிலைமையிலும்.) ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் முதலில் ஒரு மாதிரி நெளிந்தார்கள். யாருக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூச்சம். பிறகு ஒரு பெரியம்மா புடவையைக் கையால் தொட்டுப் பார்த்தார். அவர் எழுந்ததும் மொத்தப் பேரும் எழுந்தார்கள். புரோகிதர் மட்டும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் வேகப்படுத்தி வாசித்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் சம்பந்தியும் எழுந்திருக்க முடியாமல் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், தட்டைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி.

வெளியே செருப்புகள் கிளம்பிவிட்டன. ஒரு ஜோடி பின்னால் ஒரு ஜோடியாக வாய்க்கால் வழியாகப் பக்கத்து நெல் வயலை நோக்கிப் போயின. தாய்மாமனின் புதுத் தோல் செருப்பு முன்னால் போயிற்று.

அக்கா உள் அறையில் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாகக் காத்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தவள் என்னைத்தான் கேட்டாள்.

"ஆஃப் பண்ண முடியாதா உன்னால?"

"வரிசையில கீது அக்கா" என்றேன்.

அவள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே மாப்பிள்ளை சரவணன் ஏற்கெனவே கொட்டகை வாசலில் நின்று பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு மாற்றுகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலையில்லை, அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பின்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தாப்பாவ அடிங்க, பூட்ட அடிக்காதீங்க. பூட்டு நல்ல பூட்டு" என்றாள்.

அவர் அடித்தார். தாழ்ப்பாள் வளைந்தது, கழன்றது. அக்கா உள்ளே போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். உறுமல் அடங்கியதும் ஊரே அமைதியானது போல இருந்தது. வாத்தியார் கையில் கல்லோடு நின்றார், சட்டையெல்லாம் துரு. அக்கா அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். பஸ்ஸில் சிரித்தாளே, அதே சிரிப்பு. பந்தல் வரைக்கும் கேட்டது. அவரும் சிரித்தார்.

தட்டு மாறியது. சாப்பாடு மேட்டுப் பக்கம் வாசலில் இருந்ததால் தப்பித்தது. சாப்பிட்டார்கள், ஆனால் பேச்சு கம்மி. தாய்மாமன் இலையை மூடிவிட்டு எழுந்து, செருப்பு விட்ட இடத்தைப் பார்த்தார். அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. மாட்டிக்கொள்ளச் செருப்பும் இல்லாமல், தன் கோபத்தை எப்படிக் காட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. வேன் பாதையில் நின்றிருந்தது. போளூர்க்காரர்கள் எல்லோரும் ஈர வேட்டியும் ஈரப் புடவையுமாக, வெறுங்காலோடு வரிசையாக நடந்து போனார்கள். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு போகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எதிரில் வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் வரை வயலில் இறங்கிச் செருப்பு பொறுக்கினார். நானும் கொஞ்சம் தள்ளிப் பொறுக்கினேன். மலை நீலமாகத்தான் இருந்திருக்கும், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்புகளைக் கழுவித் தொட்டி விளிம்பில் காயவைத்தோம். இந்தச் சம்பந்தமும் போனால் அதற்குக் காரணம் பஸ்ஸில் சிரித்ததாக இருக்காது, நானாக இருப்பேன். அக்கா வந்து எனக்கும் அப்பாவுக்கும் காபி கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டூட்டிச் சீருடையை இஸ்திரி போட்டாள். அவள் ஏன் பயப்படவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. (போளூரிலிருந்து அவள் போனுக்கு ஏற்கெனவே ஒரு சேதி வந்துவிட்டிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.)

மறுநாள் காலையில் அப்பாவின் போன் அடித்தது. தாய்மாமன். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார். நாங்கள் சுற்றி நின்றோம். அந்தப் பக்கத்துக் கனத்த குரல் எங்களுக்கும் கேட்டது.

"எங்க ஆளுங்க செருப்பெல்லாம் உங்க நெலத்துலதான் கீது. அங்கியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வரப்ப போட்டுக்கறோம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மோட்டார் எந்தக் கம்பெனி? நல்லா எறைக்குது" என்றார்.

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதாள். நான் அப்போதும் அழுதேன்.

கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியையிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றியது கண்ணீரைத் துடைப்பதற்கு, சிரித்து வந்த கண்ணீர். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம். ஒவ்வொரு சேதிக்கும் ஓர் ஆயுள் வைத்தோம். அதற்குள் போய்ச் சேர முடியாவிட்டால் வழியிலேயே போய்விட வேண்டும். அவசரச் சேதிக்கு வரிசை கிடையாது, மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு வழி அடைந்தால் காத்திருக்காமல் சுற்று வழி தேட வேண்டும். என் ஆராய்ச்சி ஓர் ஆராய்ச்சி ஆனது அதற்குப் பிறகுதான். கள அனுபவம் என்ற அத்தியாயத்தில், நடைமுறைச் சோதனையின்போது சில இடையூறுகள் ஏற்பட்டன என்று ஒரே வரியில் எழுதினேன். இப்போது சென்னையில் இதே மாதிரி கருவிகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பெட்டிகளுக்கு எண்தான் வைக்கிறோம்.

குடும்பத்தில் மட்டும் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தாய்மாமன் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். இரண்டு வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், புரோகிதர் உட்காருவதற்கு முன் என் போனை வாங்கி எவர்சில்வர் முறுக்கு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட வேண்டும். உலோக டப்பாவுக்குள் சிக்னல் போகாது என்று நான்தான் எப்போதோ அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா பிள்ளையின் காது குத்துக்கும் போட்டார்கள், புதுமனை புகுவிழாவுக்கும் போட்டார்கள். என் கல்யாணத்தன்றும் விடியற்காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரவணன் மாமா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மணமேடைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தாலி கட்டி, சாப்பிட்டு, எல்லாம் முடிந்த பிறகு டப்பாவைத் திறந்தார்கள். போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் காலையிலிருந்து வந்த வாழ்த்துகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நடுவில் ஒன்று என் மனைவியிடமிருந்து. மண்டபத்தில் பக்கத்து அறையிலிருந்து, முகூர்த்தத்துக்கு முன்னால் அனுப்பியது. "தாலி கட்டறதுக்கு முன்னாடி உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு நிமிஷம் வர முடியுமா?"

மாலையைக் கழற்றாமல் அவளிடம் போய்ப் போனைக் காட்டி, என்ன விஷயம் என்று கேட்டேன். சுற்றி இரண்டு வீட்டு ஜனமும் நின்றது. அவள் படித்துப் பார்த்தாள். "அப்பவே வந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

கல்யாணமாகி எத்தனையோ பொங்கல் போய்விட்டது. இன்னும் சொல்லவில்லை. போளூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ன தம்பி, பதில் வந்துதா?" என்று விசாரிக்கிறார்.